ராவி எடுத்த இரண்டு அம்புக்குறிகள்

1

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை எங்கள் குடும்பத்தைப் பற்றியது அல்ல. எங்கள் குடும்பத்தில் இப்படியெல்லாம் நடப்பதில்லை. நடந்தாலும் வெளியே தெரிவதில்லை.

ஓய்வுபெற்ற தர ஆய்வாளர்கள் சங்கத்தின் ஆண்டு மலருக்குக் கட்டுரை கேட்டார் செயலாளர். வருடா வருடம் 'தரம் ஒரு தவம்' என்ற தலைப்பில் கொடுத்துவருகிறேன். ஆறு வருடமாக ஒரே கட்டுரைதான், முதல் பத்தியை மட்டும் மாற்றுவேன். இதுவரை யாரும் கண்டுபிடிக்கவில்லை. படித்தால்தானே கண்டுபிடிக்க.

இந்த வருடமும் "தரம் என்பது" என்று எழுதினேன். அதற்கு மேல் பேனா நகரவில்லை. இரண்டு மாதம் முன்பு மேசை விசிறி ஒன்றைச் செய்த மனிதர் ஒருவரை எனக்குத் தெரியும். அவர் செய்த காரியத்தை வைத்துக்கொண்டு தரத்தைப் பற்றி எழுத எனக்குக் கை வரவில்லை. கட்டுரையில் அவரைக் கொண்டுவந்தால் பெயர் போட வேண்டும். கதை என்றால் 'யாவும் கற்பனை' என்று ஒரு வரி போட்டுக் கை கழுவிவிடலாம்.

ஆகவே கதை. யாவும் கற்பனை.

2

தொடக்கம் ஒன்று: "அந்த மாளிகையின் முகப்பில் கம்பீரமாக வீற்றிருந்த மாமனார், தம் மீசையை நீவியபடி—"

வேண்டாம். மூன்றாவது மாடியில் இரண்டு படுக்கையறை வீடு அது. லிஃப்ட் மனம் வைத்தால்தான் மேலே வரும். மாமனாருக்கு மீசையும் கிடையாது.

தொடக்கம் இரண்டு: "மனிதன் காற்றை அடக்கி ஆள நினைத்த நாள் முதலாக—"

இது கட்டுரை. பழக்க தோஷம்.

தொடக்கம் மூன்று: "எல்லாம் அந்த மாமியாரால் வந்த வினை."

இது வசதியான தொடக்கம். பாதிக் கதை தானாக ஓடும். ஆனால் மாமியார் மலரைப் படிப்பார். கதையில் வரும் மாமியாரைச் சொல்லவில்லை.

தொடக்கம் நான்கு: ஒருவர் ஒரு விசிறி செய்தார். காற்று வரவில்லை. அதற்குப் பழியை இன்னொருவர் ஏற்றுக்கொண்டார்.

இதுதான் சரி. இதையே வைத்துக்கொண்டு மேலே போகிறேன்.

3

மாமனார் பம்பு செய்யும் தொழிற்சாலையில் முப்பத்து நான்கு வருடம் தர ஆய்வாளராக இருந்தவர். 'ரிஜெக்ட் சார்' என்பது பட்டப்பெயர். மயிரிழை கோணினாலும் சிவப்பு மையில் ஒரு பெருக்கல் குறி போட்டுத் திருப்பி அனுப்பிவிடுவார். பம்பின் வயிற்றில், தண்ணீர் எந்தப் பக்கம் போகும் என்று காட்ட ஓர் அம்புக்குறி புடைத்திருக்கும். அந்த அம்பு மங்கலாக விழுந்த காரணத்துக்காகவே ஒரு லாரி நிறையப் பம்புகளைத் திருப்பி அனுப்பியவர் அவர். இதை நினைவில் வையுங்கள். எனக்கு இது பெரிய தொந்தரவாகப் போகிறது.

அவர் வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. பரிசு என்று கொடுத்தால் கையால் செய்ததைத்தான் கொடுப்பார்கள். கடையில் வாங்கிய பொருளை வண்ணத்தாளில் சுற்றி நீட்டுவது கௌரவக் குறைச்சல். மகனுடைய கல்யாணத்தில் சம்பந்தி வீட்டார் அத்தனை பேருக்கும் நடுவில் இதை மாமனார் உரக்கச் சொன்னார். ஆகவே சம்பந்தி தம் அச்சகத்தைப் புதுக் கட்டடத்துக்கு மாற்றியபோது, கையால் ஏதாவது செய்தே தீர வேண்டும் என்று ஆகிவிட்டது.

சம்பந்தி அச்சகத்துக்காரர். குரல் பெரிது. புதுக் கட்டடத்தில் தெருவைப் பார்த்த முன் அறை ஒன்று, தனி ஷட்டர் போட்டது. அதைத் தம் மகளுக்கு, அதாவது மாமனாரின் மருமகளுக்கு, கொடுப்பதாகச் சொல்லியிருந்தார். மருமகள் கணினி, செல்போன் பழுது பார்ப்பவள். எட்டு வருடமாக இன்னொருவர் கடையில் திரைக்குப் பின்னால் உட்கார்ந்து பற்றவைத்துக்கொண்டிருந்தாள். முன்னால் வாடிக்கையாளரிடம் "நானே பாத்தேன் சார்" என்று சொல்வது முதலாளி. அந்த முன் அறை கிடைத்தால் அவள் வேலையை அவளே தன் வாயால் சொல்லிக்கொள்ளலாம். மேசை எங்கே, விளக்கு எங்கே என்று சுண்ணக்கட்டியால் தரையில் கோடுகூடப் போட்டுவிட்டு வந்திருந்தாள்.

4

இனி விசிறி. இதைச் சரியாக எழுதுகிறேன். இதில் மட்டும் குறை சொல்ல ஆளில்லை.

மருமகளின் உதிரிப் பெட்டியிலிருந்து கணினி விசிறி ஒன்றை மாமனார் கேட்டு வாங்கினார். கணினிப் பெட்டிக்குள் சூடு தணிக்க வைப்பார்களே, கறுப்புச் சதுரச் சட்டம், நடுவில் ஏழு இறக்கை, அதுதான். சிவப்பு, கறுப்பு ஒயர்களைப் பழைய ரூட்டரின் பன்னிரண்டு வோல்ட் அடாப்டரோடு இணைத்தார். மூன்றாவதாக இருந்த மஞ்சள் ஒயரை மடக்கி டேப் சுற்றினார். நின்றுபோன சுவர்க் கடிகாரத்தின் பித்தளை வளையத்தைப் புளி போட்டுத் துலக்கி முகப்பாக வைத்தார். தேக்குக் கட்டையில் பீடம் கடைந்து மெழுகு தேய்த்தார்.

அந்த விசிறிக்கு இரண்டு பக்கம். ஒரு பக்கம் இறக்கைகள் மட்டும், பார்க்கப் பூ மாதிரி. மறுபக்கம் நாலு குறுக்குக் கால், நடுவில் ஸ்டிக்கர், ஒயர். நல்ல முகம் ஊருக்கு, முதுகு சுவருக்கு. அவர் வீட்டில் எல்லாமே அப்படித்தான் வைப்பார்கள். பூ மாதிரிப் பக்கம் முன்னால் தெரியும்படி பித்தளை வளையத்துக்குப் பின்னால் வைத்து நாலு திருகாணி போட்டார்.

சட்டத்தின் பக்கவாட்டில் அரிசி அளவில் இரண்டு புடைப்புகள் இருந்தன. வார்ப்பில் விழுந்த பிசிறு என்று முடிவுகட்டி, சன்ன அரத்தால் ராவி, உப்புத்தாள் போட்டு, கறுப்பு வண்ணம் அடித்தார்.

அவை பிசிறு அல்ல. அம்புக்குறிகள். ஒன்று, இறக்கை எந்தப் பக்கம் சுற்றும் என்பதற்கு. இன்னொன்று, காற்று எந்தப் பக்கம் போகும் என்பதற்கு.

(இங்கே எனக்குக் கதாபாத்திரத்தின் மேல் சந்தேகம் வருகிறது. அம்புக்காக லாரியைத் திருப்பியவர் அம்பை ராவுவாரா? எந்த வாசகர் நம்புவார்? ஆளை மாற்றிப் பார்த்தேன். மாமனாரை ஒரு குமாஸ்தாவாக ஆக்கினேன். உடனே நம்பும்படி இருந்தது. நம்பும்படி இருந்ததும் கதை செத்துவிட்டது. ஆகவே ஆய்வாளரே இருக்கட்டும். காரணம் இதுதான்: கண்ணாடி போட்டு ஆய்வு செய்பவனை நம்பாதே என்று பணியில் இருந்தபோது எல்லோர் முன்னாலும் சொன்னவர் அவர். கண்ணாடி அலமாரியில் இருந்தது. வீட்டில் ஆட்கள் இருந்தார்கள், எடுத்துப் போடவில்லை.)

பிறகு சோதனை. பதினான்கு வரி கொண்ட ஒரு தாள் தயாரித்தார். ஆட்டம், சத்தம், சூடு, பீடத்தின் மட்டம், வளையத்தின் விட்டம் என்று எல்லாம் இருந்தது. எட்டு மணி நேரம் ஓடவிட்டார். தலைக்கு மேலே கூரை விசிறியும் ஓடிக்கொண்டிருந்தது. காற்று வருகிறதா என்று பதினைந்தாவதாக ஒரு வரி போட அவருக்குத் தோன்றவில்லை.

மருமகள் வேலை முடிந்து வந்தாள். விசிறியைச் சுற்றிவந்து பார்த்தாள்.

"மாமா, காத்து எந்தப் பக்கம் வருது?"

"என்னம்மா கேள்வி இது? விசிறின்னா மொகத்துக்குத்தான் வரும்."

"இல்ல, இந்த மாதிரி ஃபேன்ல ஸ்டிக்கர் இருக்கற பக்கமாத்தான்..."

"ஸ்டிக்கரக் கொண்டுபோய் சம்பந்தி மொகத்துக்கு நேரா காட்டச் சொல்றியா?"

"நாலு ஸ்குரூதான் மாமா. ஒரு நிமிஷம் குடுங்க."

"பாஸ் ஆன சரக்கு மேல கை வைக்கக் கூடாது."

பீடத்தின் அடியில் பச்சை ஸ்டிக்கர் ஒட்டிக் கையெழுத்தும் போட்டாகிவிட்டது. அடுக்களையிலிருந்து மாமியார் குரல் கொடுத்தார்.

"விடும்மா. அவரு பாஸ் பண்ணினா பண்ணினதுதான். என்னையும் அப்படித்தான் பாஸ் பண்ணாரு. முப்பத்தெட்டு வருஷமாச்சு, ரெண்டு பேராலயும் திருப்பிக் குடுக்க முடியல."

5

புதுக் கட்டடத் திறப்பு அன்று, பந்திக்கு முன்னால், அச்சகத்தில் பன்னிரண்டு பேர் இருந்தார்கள். அச்சுக் கோப்பவர்கள், பைண்டிங் பெண்கள், வாடிக்கையாளர் சிலர், ஒரு கவிஞர். மாமனார் துணியை விலக்கியதும் "ஆகா" என்றார்கள். பித்தளை பளபளத்தது. சம்பந்தி நாற்காலியில் சாய்ந்து, சட்டையின் மேல் பொத்தானைக் கழற்றி, கண்ணை மூடிக்கொண்டு, "போடுங்க சம்பந்தி" என்றார்.

போட்டார். இறக்கை சுற்றியது. சம்பந்தி கண்ணை மூடியபடியே காத்திருந்தார். ஒற்றைக் கண்ணைத் திறந்தார்.

"காத்து கூச்சப்படுது போல."

அதே சமயம் விசிறிக்குப் பின்னால் அடுக்கியிருந்த மெல்லிய பிழைதிருத்தத் தாள்கள் எழுந்தன. முதலில் ஒன்று. பிறகு வரிசையாக, அழைப்பு வந்த மாதிரி. கவிஞரின் தொகுப்பு அது. பக்க எண் இன்னும் போடவில்லை.*

* எல்லாவற்றையும் பொறுக்கிக் கொடுத்ததும் கவிஞர் நாலு பக்கம் புரட்டிப் பார்த்துவிட்டு, "இப்படியே இருக்கட்டும், இதுதான் நல்லா இருக்கு" என்றார். அப்படியே அச்சாகியிருக்கிறது. யாரும் கண்டுபிடிக்கவில்லை.

பைண்டிங் பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். சம்பந்தி சிரிக்கவில்லை. விசிறியைத் திருப்பிப் பார்த்தார்.

"முன்னாடி உறிஞ்சிப் பின்னாடி துப்புது. யாரு மாட்டினது இத?"

மாமனாரின் காது சிவந்தது.

"நான்தான்பா" என்றாள் மருமகள். "மாமா கட்டையும் வளையமும் செஞ்சாரு. மோட்டார மாட்டினது நான்."

"எட்டு வருஷம் இந்த வேலதான செய்யற? ஒரு ஃபேன நேரா மாட்டத் தெரியல?"

மாமனார் அமைதி காத்தார்.

6

நாலு நாள் கழித்துச் சம்பந்தி போன் செய்தார். முன் அறையில் காகிதக் கட்டுகளை அடுக்கப்போகிறாராம். "முதல்ல வேலையக் கத்துக்கட்டும். கடைய அப்புறம் பாக்கலாம். என் வாசல்ல உக்காந்துகிட்டு ஊருல இருக்கற போனையெல்லாம் திருப்பி மாட்டினா என் பேரு என்ன ஆவறது?" சுண்ணக்கட்டிக் கோடுகள் மேலேயே கூரை வரை கட்டுகள் ஏறின. மருமகள் பழையபடி திரைக்குப் பின்னால் போனாள்.

இவ்வளவு எழுதியதும், தட்டச்சு செய்யச் சொல்லி மருமகளிடம் கொடுத்தேன். (இவள் கதையில் வரும் மருமகள் அல்ல. தட்டச்சு செய்யும் மருமகள். இருவரும் ஒரே மாதிரி இருப்பது தற்செயல்.) அவள் வாசித்துக்கொண்டே வந்து நிறுத்தினாள்.

"மாமா, இதுல வர்ற மருமக ஏன் இவ்வளவு நல்லவளா இருக்கா? சந்தேகமா இருக்கே."

"மாமனார் மானத்தக் காப்பாத்தறா."

"மானமும் இல்ல, மண்ணும் இல்ல. அன்னிக்கு எங்கப்பா கத்த ஆரம்பிச்சிருந்தா பந்திய சாயங்காலம்தான் போட்டிருப்பாங்க. எனக்குப் பசி. அதான் சொன்னேன். அறைய எடுத்துக்குவாருன்னு யாரு கண்டா?"

நான் எழுதிக்கொண்டேன். அவள் அடுத்த வரிக்குப் போனாள்.

"இது என்ன, 'மாமனார் அமைதி காத்தார்'?"

"அதுக்கென்ன?"

"அமைதியாவா இருந்தீங்க?"

நான் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தேன். அவள் விடவில்லை. திரையில் அந்த வரியின் முடிவில் தட்டச்சுக் கோடு சிமிட்டிக்கொண்டே இருந்தது.

சரி. திருத்தம். மாமனார் அமைதி காக்கவில்லை. மருமகள் பழியை ஏற்றுக்கொண்டதும் அவருக்கு மூச்சு வந்தது. மூச்சு வந்த வேகத்தில், பன்னிரண்டு பேர் முன்னால், அவள் தோளில் தட்டி, பெருந்தன்மையாக ஒன்று சொன்னா—

சொன்னேன். "விடுங்க சம்பந்தி, கத்துக்கற வயசுதானே. இனிமே நானே பக்கத்துல இருந்து பாத்துக்கறேன்."

அவளுக்கு முப்பத்தொன்று. வாய் மூடி இருந்திருந்தால் ஒரு விசிறிதான் கெட்டிருக்கும். நான் அவளை மன்னித்து அவள் கடையைக் கெடுத்தேன்.

(இதற்கு மேல் மறுபடி 'மாமனார்' என்றே எழுதுகிறேன். 'நான்' என்று எழுதினால் கை நின்றுவிடுகிறது. யார் என்பதுதான் தெரிந்துவிட்டதே, மரியாதைக்காக நீங்களும் தெரியாத மாதிரி இருங்கள்.)

"இப்ப சரியா?" என்று கேட்டேன்.

"கதை சரி. எனக்கு அறை வேணும் மாமா. கதை வேணாம்."

7

ஆகவே முடிவு தேடினேன்.

முடிவு ஒன்று. மாமனார் அச்சகத்துக்குப் போய் உண்மையைச் சொல்கிறார். சம்பந்திகள் கட்டித் தழுவிக்கொள்கிறார்கள்.

இதை ஒத்திகையே பார்த்தாகிவிட்டது. முதல் தடவை போனபோது சம்பந்தி கவுன்டரில் நின்றிருந்தார்.

"என்ன சம்பந்தி, இவ்வளவு தூரம்?"

"வந்து... லெட்டர்பேடு அடிக்கணும்."

"எத்தன?"

"நூறு."

ஓய்வுபெற்ற மனிதர், யாருக்கும் கடிதம் எழுதுவதில்லை. இரண்டாவது தடவை போய், கடித உறை அடிக்கச் சொல்லிவிட்டு வந்தார். இந்தக் கதையின் கைப்பிரதி முழுவதும் அந்த லெட்டர்பேடின் முதுகில்தான் எழுதப்பட்டது.

முடிவு இரண்டு. மருமகளே போய் நாலு திருகாணியைக் கழற்றி விசிறியைச் சரியாக மாட்டுகிறாள். அப்பா முகத்தில் காற்று படுகிறது, மனம் இளகுகிறது.

நன்றாக இருக்கிறது. ஆனால் மாமனார் கெடுத்ததை மறுபடி அவளே ஏன் சரிசெய்ய வேண்டும்? நிராகரிக்கப்பட்டது. சிவப்பு மை.

முடிவு மூன்று. சம்பந்தியே ராவிய தடத்தைக் கண்டுபிடிக்கிறார். ராவிய விதத்தைப் பார்த்தாலே இது ஆய்வாளர் கைவேலை என்று தெரிந்துவிடும்.

இதை மருமகளிடம் சொன்னேன். சிரித்தாள்.

"அப்பா அன்னிக்கே கோவத்துல அந்த ஃபேனோட மொகத்த சுவத்துப் பக்கம் திருப்பி வச்சிட்டாரு மாமா."

"அப்படியா?"

"அதனால இப்ப காத்து அவரு மேல சரியா வருது. தினமும் அதுலதான் உக்காந்திருக்காரு."

"அப்ப அவருக்கு விசிறியில ஒரு குத்தமும் இல்லேன்னு தெரியுமே?"

"தெரியும். வாயத் தொறந்து ஒத்துக்க மாட்டாரு. உங்க சம்பந்தியாச்சே, உங்களுக்குக் கொறைஞ்சவரா?"

மாமியார் துணி மடித்துக்கொண்டே, "ரெண்டு பேரும் நல்லா ஜோடி சேந்தீங்க. நடுவுல அந்தப் பொண்ணு கருகுது" என்றார்.

8

தட்டச்சுப் பிரதியைச் செயலாளரிடம் கொடுத்தேன். மறுநாளே போன் வந்தது.

"சார், நாலு பக்கம் கேட்டேன். நீங்க பதினஞ்சு பக்கம் குடுத்திருக்கீங்க. மாளிகை, மீசைன்னு வேண்டாம்னு விட்ட தொடக்கமெல்லாம் அப்படியே இருக்கு. எடுத்துடலாமா?"

"ஒரு எழுத்துகூட எடுக்கக் கூடாது."

"முடிவும் மூணு இருக்கு சார். ஏதாவது ஒண்ணு போதுமே?"

"மூணும் வேணும். முடிஞ்சா எழுத்தக் கொஞ்சம் பெருசா போடுங்க. ஓரத்துல இடம் தாராளமா விடுங்க."

"பெரியவங்க படிக்கறதுக்கா?"

"அப்படியே வச்சுக்குங்க."

இந்தப் பகுதியைப் போனை வைத்த பிறகு கையால் எழுதி நேராக அச்சகத்துக்கே அனுப்புகிறேன்; செயலாளருக்குச் சொல்லாததை உங்களுக்குச் சொல்கிறேன். நம் மலரை அச்சிடுவது என் சம்பந்தி. பிழை திருத்தும் வேலையை அவர் யாரிடமும் விடுவதில்லை, ஒவ்வொரு வரியையும் தாமே வாசிப்பார். ஆகவே இந்த வரிக்கு முதல் வாசகர் அவர்தான்.

சம்பந்தி, வணக்கம். பெயர் போடவில்லை என்றாலும் கையெழுத்து உங்களுக்குத் தெரியும். மோட்டாரை மாட்டியது நான். அம்பை ராவியது நான். உங்கள் மகள் முன்கூட்டியே சொன்னாள், நான் கேட்கவில்லை. அவள் அதில் ஒரு திருகாணியைக்கூடத் தொடவில்லை. நேரில் சொல்ல இரண்டு தடவை வந்தேன். லெட்டர்பேடு நன்றாக அடித்திருந்தீர்கள்.

இனி, மற்ற தொள்ளாயிரம் உறுப்பினர்களுக்கு. ரிஜெக்ட் சார் சோதித்து, பாஸ் போட்டு அனுப்பிய விசிறியில் காற்று வரவில்லை. சிரிப்பதற்கு வேண்டிய நேரம் எடுத்துக்கொள்ளுங்கள். நான் திருப்பி அனுப்பிய பம்புகளின் ஞாபகம் வருகிறவர்கள் கூடுதலாகச் சிரிக்கலாம்.

முடிவை நான் எழுதப்போவதில்லை. 'முடிவு வாசகர் கையில்' என்று கதை எழுதுகிறவர்கள் சொல்வது பெரும்பாலும் சோம்பேறித்தனம். ஆனால் இங்கே விஷயம் வேறு. மலர் அச்சிடுவதற்கான காகிதம் அந்த முன் அறையில்தான் கூரை வரை அடுக்கியிருக்கிறது. தொள்ளாயிரம் பிரதி. இந்தக் கதை ஒரு தாள் நீண்டால், அங்கே ஏறக்குறைய இரண்டு கட்டு குறைகிறது. வேண்டாத தொடக்கங்கள், நடுவில் விட்ட வாக்கியங்கள், சந்தேகங்கள், நிராகரித்த முடிவுகள் எல்லாவற்றையும் அப்படியே விட்டுவைத்தது அதற்குத்தான். எவ்வளவு தரை வெளியே வரும் என்று எனக்குத் தெரியாது. சுண்ணக்கட்டிக் கோடு தெரிகிற அளவு வந்தால் போதும். அங்கே மறுபடி காகிதத்தை ஏற்றுவதா, ஒரு மேசையைப் போடுவதா என்பது கட்டடத்துக்காரர் முடிவு.

நான் உறுதியாகச் சொல்லக்கூடியது ஒன்றுதான். இந்தத் தாள் இப்போது உங்கள் கையில் இருக்கிறது என்றால், அது அந்த அறையில் இல்லை.